மூச்சோடு வீட்டுக்கு

8.6.1998, திங்கள்

புது மேட்ரன் வந்தாயிற்று. பெயர் கல்யாணசுந்தரி. ஊர் புதியம்புத்தூர். அப்பா ரெடிமேட் சட்டை தைக்கிறவராம். அதை யாரும் கேட்காமலே சொல்கிறாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. பி.எஸ்ஸி. நர்சிங். அந்தப் பட்டத்துக்குத்தான் நாற்காலி. பழைய மேட்ரன் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த அறையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இன்று காலை அவிழ்த்துக் கொடுத்தேன்.

செயலாளர் பூவனலிங்கம் அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னார். “பொன்மணி, நீ இருக்கப் போயித்தானே தைரியமா புதுசா ஒரு ஆளப் போடுதோம். கூட இருந்து பாத்துக்க.” வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துக் கட்டிய ஆஸ்பத்திரி இது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கப்பிள்ளையை மாற்றுகிற மாதிரி இங்கேயும் ஆளை மாற்றுகிறார்கள். பழைய கணக்கப்பிள்ளை உட்கார்ந்து புதியவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு.

வீட்டில் அவரிடம் சொன்னேன். “புதுசா ஒரு நாத்தனா வந்திருக்கான்னு நெனச்சுக்கயேன்” என்கிறார். நாத்தனாருக்கு நான் எழுந்து நிற்க வேண்டியதில்லையே.

19.6.1998, வெள்ளி

இசக்கிச்செல்வி சின்னப்பெண். டிரெயினிங் முடித்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மருந்தை டிரிப்பில் கலக்கலாமா, தனியாகத்தான் போட வேண்டுமா என்று மேட்ரனிடம் கேட்டாள். நோயாளியின் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். மேட்ரன் என்ன சொன்னாள்? “எனக்குத் தெரியாது. டாக்டர்ட்ட கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் போடாதீங்க.”

அத்தனை பேர் முன்னாலும்!

ஒரு தலைவி என்றால், தெரியாவிட்டாலும் முகத்தில் காட்டக்கூடாது. பழைய மேட்ரன் அப்படித்தான் இருந்தார். தெரியாததைக் கேட்டால் “இதுகூடத் தெரியாதா ஒனக்கு” என்று திருப்பிக் கேட்பார். நாங்களும் பயந்து படித்தோம். இவளுக்கு வாயைத் திறந்தால் ‘தெரியாது’தான். தெரியாதவளைக் கொண்டுவந்து தெரிந்தவள் தலையில் வைப்பதற்குத்தான் இந்த ஊரில் நிர்வாகம் என்று பெயர்.

2.7.1998, வியாழன்

ஆயா மாரித்தாய் லீவு. மேட்ரன் பெட்பேன் கழுவுகிறாள். நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து வாசல் தெளிப்பார், பார்த்துக்கொண்டே இரு.

27.7.1998, திங்கள்

கயத்தாறு பக்கத்துப் பெரியவர் ஒருவரை மூச்சோடு வீட்டுக்கு அனுப்பினோம்.

இங்கே இது வழக்கம். டாக்டர் கையை விரித்துவிட்டால் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: மூச்சோடு வீடு போய்ச் சேர வேண்டும். வெளியே செத்த உடம்பைப் பல ஊர்களில் உள்ளே விடமாட்டார்கள். வீட்டு வாசல் மிதிக்க முடியாது, நேரே சுடுகாடு. ஆகவே தொண்டையில் குழாயும் அதில் மாட்டிய ரப்பர் பையுமாக ஆளை வேனில் ஏற்றுவோம். கூட ஒரு நர்ஸ் வழி நெடுக அந்தப் பையை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். பை அமுங்கும்போது நெஞ்சு ஏறும். மூச்சு இருக்கிறது என்று கணக்கு. வீட்டுக்குள் கிடத்தியதும் குழாயை உருவ வேண்டும். அதோடு சரி, சங்கு ஊதுவார்கள். உருவியவளுக்கு நல்ல பேர் கிடையாது. “நர்சம்மா புடுங்குனா, உசிரு போச்சு” என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும்.

எப்போதும் சின்னப்பெண்களைத்தான் அனுப்புவது. இனி அப்படிக் கிடையாதாம். மேட்ரன் தானே போவாளாம், கூட மூத்தவர்களில் ஒருவர். “அவிய சின்னப்பிள்ளைக, வேண்டாம்க்கா” என்கிறாள் என்னிடம்.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எத்தனை வேனில் ஏறியிருக்கிறேன்! என் வெள்ளைச் சேலையில் மண்ணை வாரி இறைத்திருக்கிறார்கள். எனக்காக எந்த மேட்ரன் ஏறினாள்? பேர் வாங்குகிறாள், வேறென்ன. நல்ல பேர் வாங்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல நாற்காலியும் கிடைக்கும்.

13.10.1998, செவ்வாய்

மாயகிருஷ்ணன் என்று ஒருவர். ஆடு மேய்க்கிறவர். இடைசெவலுக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமம். நேற்று ஆட்டுக் கிடையில் காவலுக்குச் சாக்கை விரித்துத் தரையில் படுத்திருக்கிறார். விடியும்போது வயிற்றுவலி. பழைய சோறு ஒத்துக்கொள்ளவில்லை என்று கலர் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே வந்து சேரும்போது இமையைத் தூக்க முடியவில்லை, நாக்குக் குழறுகிறது. உடம்பில் கடிபட்ட தடம் எதுவும் இல்லை. ஆனாலும் டாக்டர் வேணுகோபால் கட்டுவிரியன்தான் என்று சரியாகப் பிடித்துவிட்டார். கைவசம் இருந்த விஷமுறிவு ஊசி அத்தனையும் போட்டார்.

சாயங்காலம் மூச்சு நின்றது. குழாய் போட்டோம். எங்களிடம் மூச்சு மெஷின் கிடையாது. நர்ஸ் கைதான் மெஷின்.

பொண்டாட்டி பெயர் ரெங்கம்மாள். திருநெல்வேலிக்குக் கொண்டு போகிறீர்களா என்று கேட்டால், “அங்கன யாரத் தெரியும் எங்களுக்கு” என்கிறாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

14.10.1998, புதன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் டாக்டர் கண்ணில் லைட் அடித்தார். கண்பாவை சுருங்கவில்லை. கிள்ளினார், குத்தினார், ஒன்றும் இல்லை. “மூளை போயிடுச்சு. இனி பையை அமுக்குறது நம்ம திருப்திக்குத்தான்” என்றார். ரெங்கம்மாளின் அண்ணன் பெருமாள்சாமி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அவரே கேட்டார்: “மூச்சோட கொண்டு போயிருதோம் சார்.” டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஊருக்குப் போன் போயிற்று. மேட்ரனும் நானும் ஏறினோம்.

மழை. தார்ரோட்டை விட்டு மண்பாதையில் இறங்கியதுமே சக்கரம் கரிசலில் புதைந்துவிட்டது. டிரைவர் கொம்பையா இன்ஜினை அணைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார். பாரம் குறையட்டும் என்று ரெங்கம்மாளையும் அண்ணனையும் இறக்கிவிட்டோம். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் அவரும்தான். பை என் கையில்.

எவ்வளவு நேரம்? கரிசல் மண் சக்கரத்தை விட்டால்தானே. எனக்கு மணிக்கட்டிலிருந்து தோள்வரை வலி. சொன்னேன். எழுதத்தான் போகிறேன் — சொன்னேன். “எடுத்திருங்க மேடம். ஒடம்பு சூடு இருக்கும்போதே உள்ள கொண்டு போயிருவோம். பைய சும்மா வச்சு அமுக்கிக்கிட்டுப் போவோம். யாருக்குத் தெரியப் போவுது?”

அவள் பையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து மறுபடி சொன்னேன். செத்த ஆளுக்கு மூச்சு ஊதுவது துருத்தி ஊதுகிற மாதிரி, இதில் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்றுகூடச் சொன்னேன். அப்போது அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“அந்தம்மா வெளிய சத்தம் போட்டு அழும்போதெல்லாம் நாடி வேகமா ஓடுதுக்கா. நீங்க பாருங்க.”

பார்த்தேன். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. மரத்துப் போன விரலுக்கு யார் நாடிதான் தெரியும்?

“எனக்கும் நிச்சயமாச் சொல்ல முடியல. தெரியாம எடுக்க மாட்டேன்க்கா” என்றாள்.

ஊருக்குள் போனால் பந்தல் போட்டாயிற்று. வெளியூருக்கெல்லாம் சாவுச் சேதியோடு கேதம் சொல்ல ஆள் போயாயிற்று. சங்கு ஊதுகிறவர் வேட்டியை மடித்துக்கட்டி நிற்கிறார். உள்ளே பாயில் கிடத்தினோம். எல்லாரும் மேட்ரன் கையையே பார்க்கிறார்கள். கை பையை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.

பெருமாள்சாமி முதலில் கெஞ்சினார். பிறகு கத்தினார். “டாக்டரு சொல்லியாச்சு, நீ யாரும்மா? எல்லாவூருக்கும் சொல்லிவிட்டாச்சு, எங்க மாப்பிள்ளைய நிம்மதியாப் போக விடும்மா. எடுத்துரு!” அவர் கத்தும்போதும் அழுகை நிற்கவில்லை.

ரெங்கம்மாள் மேட்ரன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “பொழச்சுக்கிடுவாரா?”

மேட்ரன் சொன்னாள்: “தெரியாதும்மா.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆமாம் என்று சொல், இல்லை என்று சொல். பந்தல் போட்ட வீட்டில் நின்றுகொண்டு யாராவது தெரியாது என்பார்களா!

ரெங்கம்மாள் கண்ணைத் துடைத்தாள். “டாக்டரு செத்துருவாருன்னு தெரியும்னாரு. இவிய தெரியாதுங்காவ. தெரியாதுன்னா பொழைக்கவும் செய்யலாம்லா?” என்றாள். அப்புறம் எழுந்து வாசலைப் பார்த்து, “வண்டியத் திருப்புங்க” என்றாள்.

கேத வீட்டிலிருந்து நோயாளியைத் திருப்பிக் கொண்டுவந்த முதல் ஆஸ்பத்திரி எங்களுடையதாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து ஒரு கிழவி காறித் துப்பினாள். என் சேலையில்தான் பட்டது.

15.10.1998, வியாழன்

டாக்டர் இரைந்து பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “யார் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது? என் கையெழுத்துக்கு இங்க என்ன மதிப்பு? வச்சுக்குங்க. என் பேர்ல இல்ல.” அப்படியும் காலையும் மாலையும் வந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். அதைச் சொல்ல வேண்டும்.

மேட்ரன் முறை போட்டிருக்கிறாள். ஆளுக்கு ஒரு மணி நேரம் பை. தனக்கு மட்டும் இரண்டு மடங்கு. நன்றாக இருக்கிறது. அவளுடைய நம்பிக்கை, எங்கள் மணிக்கட்டு. தலைவர்கள் நம்பிக்கை வைப்பார்கள். அதைத் தூக்கிச் சுமக்க வேறு ஆள் வேண்டும். இசக்கிச்செல்விக்கு வலக்கை வீங்கிவிட்டது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுபடி போய் உட்காருகிறாள். ஆண்கள் வார்டில் ஊசி நேரத்துக்குப் போடவில்லை என்று சண்டை. அவர்கள் சண்டை போடுவதிலும் நியாயம் இருக்கிறது.

17.10.1998, சனி

கால் பெருவிரல் அசைந்தது என்று இசக்கிச்செல்வி ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தேன். “அது நரம்புத் துடிப்பு. கோழிய அறுத்தாலும் துடிக்கும்” என்றேன். அந்தப்பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன்? நானும்தான் பார்த்தேன். அது துடிப்பு மாதிரி இல்லை.

19.10.1998, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்க்கவில்லை, புதுச்சேலை உடுத்தவில்லை. வீட்டில் அவர் தனியாகப் பலகாரம் தின்றுவிட்டு ஒரு தூக்குச்சட்டியில் வடையைக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஊரே வெடித்துக்கொண்டிருந்தது. பை என் கையில் இருந்தது.

பக்கத்துச் சந்தில் ஒரு அணுகுண்டு வெடித்தபோது மாயகிருஷ்ணனின் இமை சுருங்கியது. மேட்ரனைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து, “நான் சொல்லுதது கேட்டா கண்ண அசைங்க” என்றாள். அசைத்தார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி அசைத்தார். ரெங்கம்மாள் தரையில் விழுந்து மேட்ரன் காலைப் பிடித்தாள். மேட்ரன் அவளைத் தூக்கப் போய்த் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷம் என்று எழுதினால் பொய்.

22.10.1998, வியாழன்

குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விடுகிறார்.

24.10.1998, சனி

பேசுகிறார். மெதுவாக, ஆனால் நிறுத்தாமல்.

எல்லாம் கேட்டதாம்! கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, காது மட்டும் ஒரு சொல் தவறாமல் கேட்டதாம். விஷம் தசையைத்தான் கட்டிப்போட்டது, மூளையைத் தொடவில்லை என்கிறார் டாக்டர் இப்போது. டாக்டர் மூளை போயிடுச்சு என்றது கேட்டது. பந்தலுக்குப் பெஞ்சு பத்தாது, பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கு என்று ஒருவர் சொன்னது கேட்டது. சித்தப்பா மகன் ஒருவன், “இந்த மழையில வெறகு எரியுமா” என்று கவலைப்பட்டது கேட்டது. அதைச் சொல்லும்போது அவரே சிரிக்கிறார். வார்டே சிரித்தது. மாரித்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் ஊசி டிரேயோடு நின்றேன். உள்ளே போகவில்லை. இசக்கிச்செல்வியை அனுப்பினேன். குரல் கொடுக்காமல், கையைக் காட்டித்தான் அனுப்பினேன்.

25.10.1998, ஞாயிறு

வேனுக்குள் கேட்டிருக்குமா? மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. இன்ஜின் சத்தம் —

இல்லை. கொம்பையா இன்ஜினை அணைத்துவிட்டார்.

2.11.1998, திங்கள்

பாராட்டு விழா. வாசலில் துணி பேனர். ‘செத்தவரைப் பிழைக்க வைத்த ஆஸ்பத்திரி.’ டாக்டருக்குச் சால்வை, செயலாளருக்குச் சால்வை, மகமைத் தலைவருக்கு மாலை. டாக்டர் பேச எழுந்து, “நர்சிங் ஸ்டாஃபுக்கும் பங்கு உண்டு” என்றார். எழுதி வைத்திருந்த தாளில் அதற்குமேல் இல்லை போலிருக்கிறது. முகம் கொஞ்சம் சிறுத்திருந்தது. பாவம், அவருக்கும் தெரியும்.

மேட்ரன் மேடைக்குக் கீழே நின்று எல்லாருக்கும் கலர் சோடா கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கசப்பு இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாயகிருஷ்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்டோர் ரூமைவிட்டு வெளியே வரவில்லை.

11.11.1998, புதன்

விசாரணை. சால்வை மடிப்புக் கலையவில்லை, அதற்குள் விசாரணை.

கமிட்டிக்கு அவர் பிழைத்ததில் வருத்தம் இல்லை. மேட்ரன் கையெழுத்தை மீறியதில்தான் வருத்தம். “இன்னைக்கு ஒருத்தரு பொழச்சாரு, சந்தோசம். நாளைக்குப் பத்துப் பேரத் திருப்பிக் கொண்டாந்தா? ஒவ்வொரு கேத வீட்டுலயும் நம்ம நர்சுக நின்னு, எடுக்க மாட்டோம்னு சொன்னா ஊருல நம்ம மரியாத என்னாவது?” என்றார் அண்ணாச்சி. ஆண்கள் வார்டு புகாரையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

மேட்ரன் வாதாடவில்லை. “டாக்டர்ட்ட கேக்காமத் திருப்புனது தப்புதான். போன் பண்ணிக் கேட்டுருக்கணும். வார்டுல ஊசி தாமதமானதும் என் பொறுப்பு. ஆனா எடுக்காதது தப்புன்னு என்னால சொல்ல முடியல” என்றாள். எனக்கே கோபம் வந்தது. ஒரு உயிரைக் கையில் வைத்துக் கொடுத்தவள் இப்படியா கைகட்டிப் பேசுவாள்? மேசையைத் தட்டிக் கேட்க வேண்டாமா?

அடுத்து என்னைக் கேட்டார்கள். “நீ கூடப் போனியே பொன்மணி, நீ ஒண்ணும் சொல்லலியா?”

“டாக்டர் சொன்னபடி எடுத்திரணும்னு சொன்னேன்” என்றேன்.

அது உண்மைதான். முழு உண்மை இல்லை. எங்கே வைத்துச் சொன்னேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று சொன்னேன் — அதைச் சொல்லவில்லை. மேட்ரன் பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வாய்ச்சொல் போதும் அவளுக்கு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதுதான் அனுபவம்ங்கது” என்றார் அண்ணாச்சி மற்றவர்களைப் பார்த்து.

20.11.1998, வெள்ளி

மேட்ரன் சாதாரண நர்ஸாக இருக்கலாமாம், இஷ்டமிருந்தால். அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்துக்கு என்னைப் போடுகிறார்கள். காரணம் என்று ஒரு வரி ஆர்டரிலேயே இருக்கிறது: ‘பணி ஒழுங்கும் உத்தரவுக்குக் கட்டுப்படும் பண்பும்.’

ஒரு மனுஷனைக் கொல்லச் சொன்னேன். அதற்கு நாற்காலி.

30.11.1998, திங்கள்

புறப்பட்டுவிட்டாள். புதியம்புத்தூரில் தையல் யூனிட்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன கிளினிக்கில் வேலையாம். ஊசியில் கை குத்திக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்குக் கட்டுப் போடுவது. பஸ் ஸ்டாண்டுவரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இசக்கிச்செல்வி போனாள். நானும் போனேன்.

கேட்டேவிட்டேன். “ஏன் சொல்லல? நான் வண்டிக்குள்ள சொன்னத ஏன் அவியட்ட சொல்லல?”

“நீங்க வாயால சொன்னீங்க. எனக்கு அன்னைக்கு மனசுக்குள்ள ஓடுனதும் அதுதான்க்கா. கை வலிச்சா யாருக்கும் தோணும்.”

“நீ என்னத் திட்டிட்டாவது போயேன்!” பஸ் ஸ்டாண்ட் என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தாள். “இன்னும் வலிக்கா?” என்று கேட்டாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

இந்த நல்லவர்களைப் போலக் கொடுமைக்காரர்கள் உலகத்தில் கிடையாது.

1.12.1998, செவ்வாய்

நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டில் அவர் கேசரி கிண்டி வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது.

6.2.1999, சனி

மாயகிருஷ்ணன் வந்தார். மேட்ரனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆயா என் அறைக்குக் கூட்டி வந்துவிட்டாள். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் வீட்டு நெய். அன்றைக்கு வேனில் அவருக்கு அவள் முகமும் தெரியாது, என் முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் குரல்தான். விழித்தபிறகு அவளைப் பார்த்திருப்பார். என்னைப் பார்க்க நான் விடவில்லை.

“அவங்க இப்ப இங்க இல்ல, உக்காருங்க” என்றேன்.

உட்காரப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். என்னையே பார்த்தார். என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “நான்தான்” என்றேன்.

“தெரியும் தாயி. ரெண்டு கொரலு கேட்டுச்சு. ஒண்ணு அந்தம்மா. ஒண்ணு நீங்க.” கோபம் இல்லை குரலில். ஆட்டின் நிறத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். “நீங்க எடுத்திருங்க, எடுத்திருங்கன்னு சொல்லும்போதெல்லாம் நானும் வேண்டாம் தாயி, வேண்டாம் தாயின்னு சொல்லிப் பாத்தேன். நாக்கு எந்திரிக்கல.”

“யாருட்டயும் சொல்லலியே நீங்க?”

“என்னத்தச் சொல்ல? எல்லாரும் நான் செத்துட்டேன்னுதான இருந்தாவ. எங்க மச்சானும் எடுக்கத்தான் சொன்னாரு.” வாசலைப் பார்த்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். “அவரு அழுதுக்கிட்டுச் சொன்னாரு.”

புதியம்புத்தூர் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, வாயாலும் சொன்னேன். நெய்யை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தது சரிதான், அது எனக்குக் கொண்டுவந்தது இல்லையே.

7.2.1999, ஞாயிறு

ஒரு சொட்டு அழவில்லை. அன்றைக்கு வேனில் எனக்கு அழுகையே வரவில்லை.

3.3.1999, புதன்

கயத்தாறுக்காரம்மா, பெயர் ஆறுமுகத்தாய். பக்கவாதம் அடித்து இரண்டு வாரமாக நினைவில்லை, நேற்று மூச்சும் நின்று குழாய் போட்டோம். டாக்டர் பார்த்தார், திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய டாக்டரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றுதான் சொன்னார்கள். மகன் மூச்சோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்.

டாக்டர் வேணுகோபால் என் அறைக்கு வந்து, “யாராவது சின்னப்பொண்ண அனுப்புங்க, உங்களுக்கு இங்க வேலை இருக்கு” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு நானே ஏறினேன். இசக்கிச்செல்வி தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். வழி நெடுக மாறி மாறி அமுக்கினோம். வேனுக்குள் யாரையும் சாவைப்பற்றிப் பேசவிடவில்லை.

வீட்டுக்குள் கிடத்தினோம். கூட்டம். மகன் என் கையைப் பார்த்தார். நான் எல்லாரையும் அழுகையைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். என்னவோ சடங்கு என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள்.

குனிந்து காதருகே சத்தமாகச் சொன்னேன். “ஆறுமுகத்தாயம்மா, நான் ஆஸ்பத்திரி பொன்மணி. ஒங்க வீட்டுக்கு வந்தாச்சு. ஒங்க மகன் இங்கன நிக்காரு, பேரப்பிள்ளைக நிக்காவ. தொண்டையில இருக்க கொழாய எடுக்கலாம்னு டாக்டர் சொல்லுதாரு. நானும் அதான் நெனைக்கேன். ஒங்களுக்கு வேண்டாம்னா, எப்படியாவது எனக்குக் காட்டுங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

இடக்கை நாடியில் என் விரலை வைத்தேன். இசக்கிச்செல்வி பையை அமுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். மகன் குனிந்து, “அம்மா” என்றார். எனக்குக் கண் மறைத்தது. துடைத்தால் விரலை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை.

சங்கு ஊதுகிறவர் வாசலில் தலையை நீட்டி, “ஆச்சாம்மா?” என்றார்.

“இன்னும் இல்ல” என்றேன்.